இன்னும் கொஞ்சம் கீழ

அப்பாவின் நீல நிறக் கோட்டு சூட் காரின் டிக்கிக்குள் கிடந்தது. அது அங்கே கிடக்கக் கூடாது. அந்த நேரத்தில் அது அப்பாவின் உடம்பில் இருந்திருக்க வேண்டும்.

எறிக் டிக்கியை மூடினான். ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுத் திரும்பத் திறந்தான். சூட் போகவில்லை. கறுப்பு உறையின் ஸிப் பாதி இறங்கி, நீலக் கை ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மலர் வளையத்தை எடுக்க வந்தவன் அதை எடுக்காமலேயே நின்றான்.

அப்படியென்றால் நேற்றுக் காலை கிரெய்கிபர்னில் உள்ள இந்த அடக்கச் சேவை நிலையத்தில் அவன் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு உறை எது என்பதுதான் கேள்வி. பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் அலுமாரியில் ஒரே மாதிரி இரண்டு உறைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் அம்மா தெரிவு செய்து, தானே அயர்ன் பண்ணி மாட்டிய நீல சூட். மற்றதில் கறுப்பு சூட், சிவப்பு வெயிஸ்ற்கோட், வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் கையுறை. பாட்டு மேடைக்கு உரிய உடுப்பு. நேற்று அவசரத்தில் அவன் இரண்டையும் சேர்த்து அள்ளிக் காரில் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தான்.

நேற்று மத்தியானம் நிலையத்திலிருந்து கிறிஸ்ரின் என்ற பெண் தொலைபேசியில் எடுத்துக் கேட்டாள், கையுறையும் போடட்டுமா என்று. எறிக் அப்போது விமான நிலையத்தில் ரொறொன்ரோ சித்தியின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவர்களுடைய ஊழியர்கள் போட்டுக்கொள்ளும் கையுறையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "கட்டாயம் போடுங்கள், பாதுகாப்புத்தானே முக்கியம்" என்று சொல்லியிருந்தான். கிறிஸ்ரின் நன்றி சொன்னாள்.

மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே போனான். வாசலில் அக்கா லிண்டா ஒரு முக்காலியில் ஐபாட்டைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஸூமில் சொந்த ஊர் பேசாலை, பாரிஸ், ரொறொன்ரோ எல்லாம் ஏற்கெனவே வந்து காத்திருந்தன. பேசாலைப் பெட்டிக்குள் யாரோ ஒருவரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"லிண்டா, ஒரு சின்னப் பிரச்சினை."

"ஸவுண்ட் கேக்கேல்லையாமோ?"

"அதில்லை. அப்பா."

"அப்பாக்கு இனி என்னடா பிரச்சினை?"

"உடுப்பு மாறிப் போச்சு. யூனிஃபோமில இருக்கிறார்."

லிண்டா நிமிர்ந்தாள். "வேர்ஹவுஸ் யூனிஃபோமோ?"

"அதெண்டாலும் பரவாயில்லை."

அவளுக்கு விளங்கியது. முதலில் ஐபாட்டை மியூட் பண்ணினாள். "வெள்ளைக் குளவ்ஸுமோ?"

"ஓம்."

"ஓ மை கோட், எறிக்."

"இன்னொண்டும் இருக்கு" என்றான் எறிக். ஆனால் அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

அப்பா பொனிபஸ் திங்கட்கிழமை காலை இறந்தார். வேலைக்குப் போவதற்காகக் கதிரையில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டாவது சப்பாத்தைப் போடவில்லை. வயது அறுபத்தொன்று. சோமர்ட்டனில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். உலகத்தில் அவர் செய்த குற்றம் ஒன்றுதான்: அவருடைய குரல் மிகவும் கீழே இருந்தது.

தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவை நடத்துவது அம்மாவின் அண்ணன் கிளெமென்ற் மாமா. அவரிடம் கீபோர்ட் இருந்தது, கொள்கை இருந்தது. பாட்டு மேலே போனால்தான் பரலோகத்துக்குக் கேட்கும் என்பது கொள்கை. பொனிபஸ் பாடினால் பீடத்து மெழுகுதிரி நடுங்குவதாக அவர் சொன்னார். ஒரு கிறிஸ்மஸுக்கு முன்னால், "மச்சான், நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ, காணும்" என்றார். அப்பா ஒரு வருடம் வாயை மட்டும் அசைத்தார். அதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அம்மா அதே குழுவில் முதல் வரிசையில் நின்றார்.

பிறகு வேர்ஹவுஸில் தெம்பா வந்து சேர்ந்தார். டர்பன் நகரப் பக்கத்து ஸுலு இனத்தவர். ஃபோர்க்லிஃப்ட் பின்னுக்குப் போகும்போது அடிக்கிற 'பீப்' சத்தத்துக்குக் கீழே யாரோ முணுமுணுப்பது கேட்டு, சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பி வந்தாராம். ஆண்கள் மட்டும், வாத்தியம் எதுவும் இல்லாமல், வாயாலேயே பாடுகிற பாட்டு ஒன்று அவர்களுக்கு உண்டு. இசிகாத்தமியா என்று பெயர். சுரங்கத்து விடுதிகளில், வாரம் முழுக்க நிலத்துக்குக் கீழே இருந்த ஆட்கள், சனிக்கிழமை இரவில் காவல்காரனை எழுப்பிவிடாமல் நுனிக்காலால் ஆடிப் பாடியது என்று தெம்பா சொல்வார். அதில் முன்னால் ஒருவர் நின்று பாடுவார். மேல் குரலுக்கு ஒன்றிரண்டு பேர் போதும். மிச்சப் பேர் எல்லாரும் பேஸ், கீழ்க் குரல்.

"மிச்சப் பேர் எல்லாரும்" என்று அன்றைக்கு அப்பா வீட்டில் வந்து சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர்கள் எறிக் வீட்டுக் கராஜில் பழகினார்கள். தெம்பா, சிம்பாப்வேயிலிருந்து வந்த இரண்டு ஆண் தாதிகள், ஒரு சமோவாக்காரர், ஒரு பஞ்சாபி லொறிக்காரர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் கோர்டன், அம்மாவுக்குப் பெயர் பிடிபடாத ஒரு கிரேக்கர். ஹியூம் ஹைவே பாய்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஆக இளைய பையனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஸுலுவில் நாக்கால் சொடுக்குகிற எழுத்துகளை அப்பா குளியலறையில் பழகினார். அந்த நாட்களில் பல்லி ஒன்று புகுந்துவிட்டதென்று அம்மா தேடிக்கொண்டிருந்தார்.

கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அப்பா தொடங்கினால் அகப்பைகள் கொளுக்கியில் ஆடும். அம்மா அகப்பையால் சுவரில் ஓங்கித் தட்டுவார். அதன் அர்த்தம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: காணும், நிப்பாட்டுங்கோ. அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு அப்பா திரும்பத் தொடங்குவார். எறிக் அதைத் தன் தகப்பனின் ஒரேயொரு எதிர்ப்பு நடவடிக்கை என்று கணக்கில் வைத்திருந்தான்.

திங்கட்கிழமை இரவே மாமா சட்டம் போட்டுவிட்டார். "அந்தக் கறுவல்கள் வந்து பிரேதத்துக்கு முன்னால ஆடுறேல்ல. வேணுமெண்டா அடக்கப் பூசையில கடைசி வாங்கில வந்து இருக்கட்டும்." மாமாவின் நிறம் தெம்பாவின் நிறத்தைவிட ஒரு பிடி கூட என்பதை அந்த வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அம்மா எறிக்கைப் பார்த்து, "தெம்பாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிடு" என்றார்.

எறிக் ஃபோன் எடுத்தான். அதுதான் அவன் லிண்டாவிடம் சொல்ல வந்த இன்னொன்று.

இப்போது அம்மா கறுப்புச் சேலையில், கையில் செபமாலையோடு, மண்டபக் கதவுக்கு முன்னால் நின்றார். பின்னால் மாமா, ரொறொன்ரோ சித்தி, கோயில் ஆட்கள்.

"எறிக், ஏனடா உனக்கு இப்பிடி வேர்க்குது?"

"நடந்து வந்தனான் அம்மா."

"கார் வாசலிலதானே நிக்குது."

அவன் கிறிஸ்ரினைத் தேடி ஓடினான். நடைபாதையில் பிடித்து, உடுப்பை மாற்ற முடியுமா என்று கேட்டான். கிறிஸ்ரின் கடிகாரத்தைப் பார்த்தாள். அது பத்து நிமிட வேலையில்லை என்றாள். உங்களுக்குப் பிறகு இந்த அறையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றாள். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "மிகவும் கம்பீரமாக இருக்கிறார். இப்படி ஒருவரை நாங்கள் உடுத்தி நீண்ட நாளாகிறது" என்றும் சொன்னாள்.

கதவு திறந்தது.

பெட்டி மேடையில் இருந்தது. அப்பா ஒரு நிகழ்ச்சிக்கு நேரத்துக்கு முன்னமே ஆயத்தமாகி, மற்றவர்கள் வரும்வரை கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டவர் போலக் கிடந்தார். சிவப்பு வெயிஸ்ற்கோட்டின் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது. நெஞ்சில் இரண்டு வெள்ளைக் கைகள்.

ரொறொன்ரோ சித்தி அழுகையை அரைவாசியில் நிறுத்தினார்.

"இதென்ன கோலம்?" என்றார் மாமா. "மஜிக் காட்டுற ஆள் மாதிரி. ஆர் போட்டது இது?"

எறிக் வாயைத் திறந்தான். வாய் மட்டும் அசைந்தது.

அம்மா கிட்டப் போனார். நின்றார். கையுறையைப் பார்த்தார், வெயிஸ்ற்கோட்டைப் பார்த்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அம்மா கத்தினால் எப்படிச் சமாளிப்பது என்று இருபத்திரண்டு வருட அனுபவம் எறிக்கிடம் இருந்தது. அம்மா பேசாமல் இருந்தால் என்ன செய்வதென்று ஒன்றுமே இருக்கவில்லை.

அம்மா செபமாலையை எடுத்து, வெள்ளை விரல்களுக்கு மேலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். பருத்தித் துணியில் மணிகள் வழுக்கின. மூன்றாவது சுற்றும் போட்டார்.

"தொடங்குங்கோ அண்ணை" என்றார்.

"இல்லைப் பேர்ள், சனம் பார்க்குதல்லோ, ஸூமில…" என்றார் மாமா தங்கையிடம்.

"செபமாலையைத் தொடங்குங்கோ."

தொடங்கினார்கள். லிண்டா ஐபாட்டைப் பார்த்து எறிக்கின் பக்கம் சாய்ந்தாள். "பாரிஸ் சின்ராசா அங்கிள் எழுதியிருக்கிறார். வெரி ஸ்மார்ட் எண்டு."

"மற்றவை?"

"பேசாலையில ஆரோ சந்தோசமான ரிங்டோன் வச்சிருக்கினம். மியூட் பண்ணிட்டன். இன்னொண்டு எண்டியே, என்னடா?"

எறிக் கண்ணால் வெளியே காட்டினான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பக்கக் கதவு இழுபட்டது. கறுப்பு சூட், சிவப்பு வெயிஸ்ற்கோட், வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் கையுறையோடு ஒருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர். அப்பாவின் உடுப்பில் ஏழு பேர் கார் பார்க்கில் நின்று, ஒருவருக்கொருவர் கழுத்துப்பட்டியைச் சரிபார்த்தார்கள்.

அம்மாவும் பார்த்தார். அருள்நிறைந்த மரியாயேயை விடாமல், உதட்டை மட்டும் எறிக்கின் காதுக்குக் கொண்டு வந்தார்.

"நீ சொன்னனியெல்லோ?"

"சொன்னனான் அம்மா."

"என்னெண்டு சொன்னனீ?"

"…நாலு மணிக்கெண்டு."

அம்மா கண்ணை மூடி அடுத்த செபத்துக்குப் போனார்.

நடந்தது இதுதான். எறிக் தொலைபேசியில் தெம்பாவை எடுத்தான். "அங்கிள்" என்று மட்டும் சொன்னான். மற்றப் பக்கத்தில் அந்தப் பெரிய மனிதன் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று தெம்பா கேட்டார். அந்த இடத்தில் வரவேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு மகன் உலகத்தில் எங்காவது இருக்கலாம். எறிக் மணியைச் சொன்னான். பிறகு குசினிக்குப் போய், "சொல்லிட்டன்" என்றான். இரண்டும் பொய்யில்லை. அதுதான் இத்தனை நாளும் அவனுடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மாமா செபமாலையைச் சித்தியின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கதவுக்குப் போனார். கையை உயர்த்தி, இது குடும்பத்துக்கு மட்டும், பிறேயர் நடக்குது, நாளைக்குச் சேர்ச்சுக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தெம்பா தலையாட்டினார். முழுவதும் ஒத்துக்கொண்டவர் போலத் தலையாட்டியபடியே மாமாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, கடைசி வரிசையில் இருந்தார். மற்ற ஆறு பேரும் அப்படியே தலையாட்டிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு சப்பாத்துச் சத்தமும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு சத்தமில்லாமல் நடப்பதைப் பார்த்துக் கோயில் ஆட்கள் இன்னும் பயந்தார்கள்.

செபமாலை முடிந்தது. மாமாவின் குழு ஒரு பாட்டுப் பாடியது. அது நிறைய மேலே போனது. கிறிஸ்ரின் கதவருகில் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தாள். நேரம் முடிகிறது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அவளுக்குப் பின்னால் நடைபாதையில் அடுத்த குடும்பம் பூக்களோடு நிற்கத் தொடங்கியிருந்தது.

அப்போது தெம்பா எழும்பினார். முன்னால் வந்து, அப்பாவின் கால்மாட்டில் நின்று, அம்மாவைப் பார்த்தார்.

"பேர்ள்" என்றார் மாமா, எச்சரிக்கையாக. "பிறகு சனம் கதைக்கும்."

அம்மா தெம்பாவின் கையுறையைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த கையுறையைப் பார்த்தார். "வன்" என்று ஒரு விரலைக் காட்டினார். "வன் சோங். குவையட்."

"குவையட், மாமா" என்றார் தெம்பா. அவர் அம்மாவை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய ஊரில் அது தாய்க்குச் சொல்கிற சொல். உண்மையான மாமா தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓரடி முன்னால் வந்துவிட்டுப் பின்வாங்கினார்.

ஏழு பேரும் பிறை போல நின்றார்கள். வலது கைகள் வயிற்றுக்கு முன்னால் வந்தன. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

இழுத்த மூச்சை விட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சமோவாக்காரர் மெல்ல ஒரு சுரத்தை முனகினார். சிம்பாப்வேக்காரரில் ஒருவர் தலையை ஆட்டிவிட்டு வேறொன்றை முனகினார். கோர்டன் தொலைபேசியை எடுத்து எதையோ தேடினார். லொறிக்காரர் அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார்.

தெம்பா எறிக்கின் பக்கம் குனிந்தார். அந்தக் குளிர் அறையில் அவருடைய நெற்றியில் வேர்வை. முதல் சுரத்தைக் கொடுப்பது எப்போதும் பொனிதான், என்றார். அவன் கொடுப்பான், நாங்கள் அதில் ஏறிக்கொள்வோம். முடிவதும் அவன் தலையை ஆட்டினால்தான். நேற்று முழுக்கப் பழகிப் பார்த்தோம். வருகிறதில்லை. இங்கே வந்தால் வரும் என்று நினைத்தோம்.

எறிக் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். கதவில் கிறிஸ்ரின். ஸூமில் மூன்று கண்டங்கள். அம்மாவின் முகத்தில் அந்தப் பேசாமை. இவர்களைக் கூப்பிட்டது அவன். அப்பாவை இந்த உடுப்பில் கிடத்தியதும் அவன். அப்பாவின் கடைசி மேடையில் அவருடைய ஆட்கள் தொடங்கவே முடியாமல் நிற்கிறார்கள், அதுவும் கிளெமென்ற் மாமாவுக்கு முன்னால்.

"என்ன கீ வேணுமாம்?" என்றார் மாமா. கீபோர்ட்டுக்குப் போய் ஒரு கட்டையை அழுத்தினார். அந்தச் சிம்பாப்வேக்காரர் பணிவாக அதைப் பிடித்து முனகிப் பார்த்தார்.

டொக் என்று ஒரு சத்தம்.

அம்மா முன் கதிரையின் முதுகில் விரல் முட்டியால் தட்டியிருந்தார். எல்லோரும் நிறுத்தினார்கள். மாமாவும் கையை எடுத்தார்.

"கீழ" என்றார் அம்மா.

யாருக்கும் விளங்கவில்லை. அம்மா உள்ளங்கையைக் கவிழ்த்து, கொதிக்கிற பானைக்கு அடுப்பைக் குறைக்கச் சொல்வது போல, கீழே இறக்கினார். சிம்பாப்வேக்காரர் இறக்கினார்.

டொக்.

"இன்னும் கீழ."

இறக்கினார். சமோவாக்காரரும் சேர்ந்து இறங்கினார்.

டொக். "இன்னும் கொஞ்சம்."

"உனக்கென்னெண்டு தெரியும்?" என்றார் மாமா.

"அவர் ஏறிப் போனா நான்தானே சுவரில தட்டுறனான்" என்றார் அம்மா, திரும்பாமல். "சனிக்கிழமையில அவருக்கு எப்பவும் கொஞ்சம் ஏறும். சும்மா இருங்கோ அண்ணை."

எறிக் அம்மாவைப் பார்த்தான். பிறகு லிண்டாவைப் பார்த்தான். லிண்டா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஆள் சேர்ந்தார். சத்தம் நிலத்துக்குள் போவது போல இறங்கியது. அம்மா முட்டியை உயர்த்தி வைத்துக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்டார். தட்டவில்லை. கையை மெல்லக் கதிரையில் வைத்தார்.

தெம்பா தொடங்கினார்.

அது பெரிய பாட்டில்லை. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. தெம்பா மேலே போய் எதையோ கேட்கிறார். மிச்சப் பேர் எல்லாரும் கீழே நின்று பதில் சொல்கிறார்கள். சொல்லுக்கு அர்த்தம் எறிக்குக்குத் தெரியாது. ஒருமுறை அப்பாவிடம் கேட்டபோது, "ஆமென் எண்டா என்னவெண்டு ஆராவது கேக்கினமோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வெள்ளைச் சப்பாத்துகள் எழும்பின, கம்பளத்தில் நுனியால் தொட்டன, திரும்பின. யாரோ ஒருவர் நித்திரை கொள்கிற வீட்டில் நடக்கிறது போல இருந்தது. சித்தி வாயில் கைவைத்துக்கொண்டார். மாமா கீபோர்ட்டின் சுவிட்சை நிறுத்தினார். அதிலிருந்து ஏற்கெனவே சத்தம் எதுவும் வரவில்லை.

பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது. தெம்பாவின் குரல் நின்றது. பேஸ் மட்டும் மிஞ்சியது, அந்த முதல் சுரத்திலேயே. ஏழு பேரும் பழக்கத்தில், அப்பா எப்போதும் நிற்கிற பிறையின் இடது ஓரத்தைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா இப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்ரின் கதவைத் தள்ளினாள். பூக்களோடு நின்ற அடுத்த குடும்பத்தில் ஒரு கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். சமோவாக்காரருக்கு மூச்சு முடிந்தது. அவர் விட்ட இடத்தில் கோர்டன் பிடித்தார். கோர்டன் சிவந்துபோனபோது கிரேக்கர் பிடித்தார். அவருக்குப் பின்னால் லொறிக்காரர். ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் ஏந்தினார், அறுந்துபோக விடாமல். தெம்பா அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தலையை ஆட்டவில்லை.